இரண்டும் சிவப்பு

ஜெகதாப்பட்டினம் மீன் வண்டி, போர்வெல் லாரி, டிராக்டர், நெல் அறுக்கிற மிஷின் என்று எதன் வயிற்றில் கோளாறு என்றாலும் அறந்தாங்கியில் ராக்கன் கடைக்குத்தான் வரும். பட்டுக்கோட்டை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. வெளியே ஒரு பெஞ்சு, உள்ளே வயர் சுருள்களும் பழைய பேட்டரிகளும் ராக்கனும் அவன் பெண்டாட்டி பிரகதீஸ்வரியும். வயர் நுனிக்கு லக்கு என்கிற செம்புக் காதை மாட்டி அமுக்குகிற வேலை அவளுடையது. அவள் அமுக்கிய லக்கு கழன்றதாக இதுவரை ஒருத்தனும் வந்து நின்றதில்லை. அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருக்கட்டும், வேலைக்காரிக்கு அது அழகுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது வேனைக் கொண்டுவந்து கொட்டகைக்கு முன்னால் நிறுத்தினார் அய்யாக்கண்ணு. பிரகதீஸ்வரிக்கு உடன்பிறந்த அண்ணன். பதினேழு வருஷம் கத்தாரில் கிடந்து திரும்பிய மனுஷன். வேனுக்கு இன்னும் சீட்டு மேலே பாலித்தீன் கூடப் பிரிக்கவில்லை. இறங்கும்போதே கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"மாப்ள, வியாழக்கெழம நம்ம ரம்யாவுக்கு வளைகாப்பு. வண்டிக்கு மொத ட்ரிப்பே அதுதான். பொன்னமராவதிக்குள்ள நொழையிறப்ப எவன்டா வாரான்னு ஊரே எந்திரிச்சுப் பாக்கணும். ஆயிரம் வாட்ஸ் ஆம்ப்ளிபையரு, ரெண்டு பெரிய பெட்டி, வயரு எல்லாம் செட்டாவே வாங்கியாந்துட்டேன். மாட்டுறதுதான் ஓம் வேல."

ரம்யா ராக்கனின் ஒரே மகள். பொன்னமராவதிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. ஏழு மாதம். இங்கிருந்து ஏழு வகைச் சோறு கட்டிப்போய், வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அவளுக்கு என்று உள்ளறையில் ஃபேன் மாற்றி, சுவருக்கு வெள்ளை அடித்து, புதுப் பாய் வாங்கிப் போட்டு பத்து நாளாகிறது. அந்த அறையை ராக்கன் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருவான்.

அட்டைப்பெட்டியில் இருந்த வயரை எடுத்து, நுனியைச் சீவி, ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினான். சுரண்டிய இடம் வெள்ளையாகப் பல்லிளித்தது.

"என்ன மச்சான் இது, அலுமினியம். மேல செம்பு முலாம் காட்டி ஒங்க தலையில கட்டிட்டான்."

"நாலு கேஜ்னானே கடக்காரன்."

"ரப்பரு நாலு கேஜ் தண்டிதான். உள்ள இருக்க கம்பியப் பாருங்க, பென்சில் தண்டிகூட இல்ல. முன்சீட்டுக்கு அடியில பேட்டரி, கடேசி சீட்டுக்கு அடியில ஆம்ப்ளிபையரு. வளைச்சு நெளிச்சுக் கொண்டுபோனா இருவத்திரண்டு அடி ஓடுது. அம்புட்டுத் தூரத்துக்கு இந்த வயரு தாங்குமா? பாட்டு ஏற ஏற வயரு கொதிக்கும். நல்ல செம்புல இருவத்தஞ்சு ஸ்கொயர் எடுப்போம். போற வயரு என்ன தண்டியோ, அதே தண்டியில வார வயரும் இருக்கணும். பேட்டரியிலேர்ந்து ஒரு அடிக்குள்ள ஒரு பீஸ் பெட்டி. ஏடாகூடமா ஏதாச்சும் ஆனா பீஸ் போயிரும், வண்டி பொழச்சுக்கும்."

"வார வயர எதுக்கு அங்கிட்டிருந்து இழுக்கணும்? பாடியில எர்த் எடுத்துட்டா?"

"பெயிண்டச் சுரண்டணும் மச்சான். புது வண்டி. ஒரு மழ பேஞ்சா துரு ஏறிரும்."

பெயிண்ட்டைச் சுரண்டுவது என்றதும் அய்யாக்கண்ணு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாத குறை. பேட்டரியிலிருந்தே இரண்டு வயரையும் இழுப்பது என்று முடிவானது. பெரிய கடைவீதியில் அந்தத் தண்டிக்குச் சிவப்பும் கருப்பும்தான் சுருளில் இருந்தது. இரண்டிலும் வேண்டிய அளவு வெட்டிக்கொண்டு வந்து ராக்கன் பெஞ்சில் போட்டதுதான் தாமதம், அய்யாக்கண்ணு எழுந்து நின்றுவிட்டார்.

"கருப்பா? எடு அங்கிட்டு. எம் வண்டிக்குள்ள கருப்பு நொழையப்படாது."

"டயரு என்ன நெறம் மச்சான்?"

"அது வெளியில கெடக்குது."

"உள்ள கம்பெனிக்காரன் ஓட்டியிருக்க வயருல பாதி கருப்புதானே?"

"அது கம்பெனிக்காரன் பண்ணுன பாவம். நாம தெரிஞ்சு போடப்படாது மாப்ள. அதுலயும் ஏழு மாசப் புள்ள ஏறப்போற வண்டி. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

மாதம் தவறாமல் தலைக்குக் கருப்புச் சாயம் பூசிக்கொள்கிற மனுஷர்தான் இதைச் சொன்னார். பிரகதீஸ்வரிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்பறம் என்ன நெறத்துலண்ணே போடுறது?"

"ரெண்டையும் செவப்பாவே போடுங்க. ஆத்தா நெறம்."

"ரெண்டும் செவப்பா இருந்தா எது எதுன்னு எப்புடித் தெரியும்?"

அய்யாக்கண்ணு ராக்கனைப் பார்த்தார். ராக்கன் வயரைப் பார்த்தான். ரம்யா கல்யாணத்துக்குத் தாய்மாமனாக நின்று முன்னுக்கு ஓடியவர் அவர். நல்ல காரியம் வருகிற நேரத்தில் அவர் முகம் கோணுவானேன் என்று நினைத்தான். வேறு எவனாவது வாடிக்கைக்காரன் இப்படிக் கேட்டிருந்தால், போய் வேற கடையைப் பாருடா என்றிருப்பான். மச்சான் ஆயிற்றே.

"பீஸ் பெட்டி இருக்கிறது பிளஸ்ஸு. இல்லாதது மைனஸ்ஸு. இது தெரியாட்டி அவன் என்ன டிரைவரு?" என்றான்.

"ஒரு மஞ்ச டேப்பாச்சும் சுத்துங்க," என்றாள் பிரகதீஸ்வரி.

"சுத்துறேன், சுத்துறேன்."

சுத்தவில்லை. அதுதான் நடந்தது. அன்று சாயங்காலம் ஆம்ப்ளிபையரைக் கடைசி சீட்டின் இரும்புக் காலோடு நான்கு போல்ட் வைத்து முறுக்கினான். இரண்டு சிவப்பு வயரையும் தரை விரிப்புக்கு அடியில் பாம்பு போலக் கொண்டுவந்து பேட்டரியில் கட்டினான். மஞ்சள் டேப்பை எடுக்கப் போகிற நேரம் பார்த்து அய்யாக்கண்ணு பாட்டைப் போட்டுவிட்டார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ராக்கனுக்கும் பெருமை பிடிபடவில்லை. பூசைக்கு நேரமாகிறது என்று அய்யாக்கண்ணு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள், வேனோட்டுகிற இருளாண்டி கடைப்பக்கம் வந்தபோது ராக்கன் அவனிடம் விவரமாகச் சொன்னான். "பீஸ் பெட்டி இல்லாதது மைனஸ், மறந்துறாத." இருளாண்டி தலையை ஆட்டினான். அதோடு ராக்கன் அதை மறந்தான்.

வியாழக்கிழமை விடிகாலையில் இருளாண்டிக்கு வயிற்றுப்போக்கு. பத்து வருஷம் லாரி ஓட்டின கவியரசன் என்பவனை அய்யாக்கண்ணு கூட்டி வந்திருந்தார். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, மல்லிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு, சர்க்கரைப்பொங்கல் என்று ஏழு தூக்குச் சட்டியும், தாம்பாளங்களும், பதினாறு பொம்பளைகளும் ஏறி முடிப்பதற்குள் மணி ஏழரை ஆகிவிட்டது. புது டிரைவரிடம் வயர் விவரத்தைச் சொல்ல வேண்டும் என்று ராக்கனுக்குத் தோன்றத்தான் செய்தது. ஒரு போர் லாரிக்காரன் ஸ்டார்ட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு அவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க அத முடிச்சுட்டு பைக்குல வாங்க. வளையல் அடுக்குற எடத்துல ஆம்பளைக்கு என்ன வேல? புள்ளய ஏத்துற நேரத்துக்கு வந்தாப் போதும். ஒண்ரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்னாடி கெளம்பணும்," என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள் பிரகதீஸ்வரி. பாட்டு அதிர வேன் போயிற்று.

திருமயம் வந்து சேரும்போது ராக்கனுக்கு வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது. வைகாசி வெயில், கோட்டைப் பாறையில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. ஒரு டீயைச் சொல்லிவிட்டு நின்றான். பாதி டீ குடிக்கும்போது போன் வந்தது. கவியரசன்.

"அண்ணே, ஒரு சந்தேகம். எண்பது ஆம்பியர் பேட்டரி போட்டா ஓங்க ஆம்ப்ளிபையரு தாங்குமா?"

"பேட்டரியா? எதுக்குப் பேட்டரி?"

"வந்ததுலேர்ந்து ஓனரு பாட்ட நிறுத்தவே இல்லண்ணே. இஞ்சின ஓட விடாம மூணு மணி நேரம் போட்டா என்ன ஆகும்? படுத்துருச்சு. பொன்னமராவதியில ஒரு கடையில புதுசு எடுத்தாந்துட்டோம். பழசக் கழட்டி வெளிய வச்சாச்சு. இந்தா மாட்டப் போறேன்."

ராக்கன் கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து டீ செருப்பில் ஊற்றியது.

"இரு, இரு. அந்த வயர எப்புடி மாட்டப் போற?"

"இது என்னண்ணே, செவப்பு பிளஸ்ஸு, கருப்பு மைனஸ்ஸு. எனக்குத் தெரியாதா? செவப்பு மூணு வருது. மூணையும் ஒண்ணாப் போட்டு முறுக்கிற வேண்டியதுதான்."

"போடாத! தம்பி, போடாத! அதுல ஒண்ணு—"

போன் அணைந்துவிட்டது. திரும்ப அடித்தான். சுவிட்ச் ஆஃப். வேனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வருகிறவன், வேன் செத்தால் போனும் செத்தது.

இனி நடக்கப்போவது ராக்கனுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மூன்றில் ஒன்று வண்டியோடு வந்த வயர். ஒன்று பீஸ் பெட்டி வைத்தது. மூன்றாவது, மைனஸில் இருக்க வேண்டியது, பிளஸ்ஸில் ஏறப்போகிறது. அதன் மறுமுனை ஆம்ப்ளிபையரில். ஆம்ப்ளிபையர் சீட்டின் இரும்புக் காலில். சீட்டு வண்டியின் உடம்பில், உடம்போ பேட்டரியின் மைனஸில். புதுப் பேட்டரியின் மொத்த பலமும் அந்த ஒரு வயர் வழியாகத் திபுதிபுவென்று பாயும். அதில் பீஸ் கிடையாது. தடுக்க ஆள் கிடையாது. வயர் நல்ல செம்பு வேறு, சீக்கிரத்தில் அறுந்தும் தொலையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மீன் வண்டியில் பார்த்திருக்கிறான். ரப்பர் வெல்லப்பாகாய் உருகி ஓடியது. இங்கே அது ஓடுவது விரிப்புக்கு அடியில், ஸ்பாஞ்சு சீட்டுகளுக்கு அடியில், பதினாறு பட்டுச் சேலைக்கு அடியில்.

பிரகதீஸ்வரிக்கு அடித்தான். மணி போனது, எடுக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டு, பை மேல் தாம்பாளத்தை வைத்திருப்பாள். அய்யாக்கண்ணுக்கு அடித்தான். யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் பேச ஆரம்பித்தால் எப்போது நிறுத்துவார்? கடைசியாகச் சம்பந்தி ஆண்டியப்பனுக்கு அடித்தான். ரம்யாவின் மாமனார் அவர். எடுத்தார்.

"வாங்க சம்மந்தி, எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க? பாயாசம் ஆறுது."

"சம்மந்தி, ரம்யா எங்க?"

"வண்டியிலதான் ஒக்காந்துருக்கு. பன்னெண்டரைக்கே நல்ல நேரம் பாத்து ஏத்தியாச்சு. பேட்டரிய மாட்டுன ஒடனே கெளம்ப வேண்டியதுதான்."

"கொஞ்சம் எறக்கி நிக்க வைங்களேன்."

"எறக்குறதா? நல்லாருக்கே! வாசப்படி தாண்டி ஏறுன புள்ளய எறக்குவாகளா? வெயிலா இருக்குன்னு பாக்குறீங்களா? வெசிறி குடுத்துருக்கோம்."

என் வயரிங்கில் தப்பு இருக்கிறது, தீப்பிடிக்கும், இறக்குங்கள் என்று சொல்ல வேண்டும். எத்தனை வார்த்தை அது? வாய் வரைக்கும் வந்துவிட்டது. சம்பந்தி வீடு. பெண்ணைக் கொடுத்த இடம். முப்பது வருஷத் தொழில். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி தயங்கினான்.

"இல்ல சம்மந்தி, அது வந்து, அந்த வயருல…"

லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் போன் கம்பெனிப் பொம்பளை.

ராக்கன் பைக்கை உதைத்தான். எங்கே கியர் மாற்றினான், எங்கே முந்தினான் என்று அப்புறம் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கண்மாய்க் கரைகள், சீமைக்கருவேலம், ஒரு டவுன் பஸ், குறுக்கே வந்த செம்மறியாட்டு மந்தை. மந்தைக்காரன் நிதானமாக ஒவ்வொன்றாக ஓட்டினான். ராக்கன் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றான். "எங்கிட்டுய்யா இப்புடிப் பறக்குற, எழவு வீட்டுக்கா?" என்று மந்தைக்காரன் கேட்டான். ராக்கனுக்கு ஓங்கி அழவேண்டும் போல இருந்தது.

ஆத்தா, இறங்கிடு ஆத்தா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓட்டினான். கேட்காது என்று தெரியும், ஆனாலும் சொன்னான். அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள்? முன்னால் குலுக்கும் என்று பின்னால் உட்கார வைத்தால் ஆம்ப்ளிபையருக்கு மேலேயே உட்கார்ந்திருப்பாள். நடுவில் என்றால் வயர் காலுக்கடியில் போகிறது. முன்சீட்டு என்றால் பேட்டரி மேல். எங்கே உட்கார வைத்துப் பார்த்தாலும் அவன் இழுத்த வயர்தான் அவளைச் சுற்றி ஓடியது. ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, கை நிறைய வளையலோடு, அத்தனை பேருக்கும் நடுவிலிருந்து அவள் எப்படி எழுந்து வருவாள்? இருப்பதோ ஒரே ஒரு கதவு.

ஒரு வளைவில் தூரத்தில் புகை தெரிந்தது. பைக்கை நிறுத்தியேவிட்டான். பிறகு பார்த்தால் செங்கல் சூளை. மறுபடி கிளப்புவதற்கு மூன்று உதை தேவைப்பட்டது.

ஊருக்குள் நுழையும்போது பாட்டுச் சத்தம் இல்லை. மேளச் சத்தம் இல்லை. ஆண்டியப்பன் வீட்டுத் தெருமுனையில் ரப்பர் வெந்த நாற்றம் மூக்கில் ஏறியது. முப்பது வருஷமாகத் தெரிந்த நாற்றம்.

வேன் வாழைமரப் பந்தலுக்கு முன்னால் நின்றது. பின்பாதிக் கண்ணாடி முழுக்கக் கரி. கதவு திறந்து கிடந்தது. சுற்றிலும் தண்ணீர், மணல், கவிழ்ந்த தூக்குச் சட்டி, சேற்றில் கொட்டிய சர்க்கரைப்பொங்கல். வேனுக்குள் ஒருவரும் இல்லை. படிக்கட்டில் கண்ணாடி வளையல் உடைந்து கிடந்தது. சிவப்பும் பச்சையுமாக, ஒரு கை அளவுக்கு.

அதைப் பார்த்ததும் ராக்கன் பைக்கோடு சரிந்தான்.

"அப்பா!"

எதிரே ரேஷன் கடை நிழலில் பொம்பளைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ரம்யா. கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கையில் கலர் பாட்டில். ராக்கன் எழுந்து ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்தான். தலையைத் தொட்டான், கையைத் தொட்டான், பாதத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. வளையல்தான் ஒடஞ்சுபோச்சு, அத்த வளையலு. நீ எதுக்கு இப்புடி வேர்த்துப்போயி இருக்க?"

பிரகதீஸ்வரிதான் சொன்னாள்.

"அந்த டிரைவரு கடேசியா மைனஸ வச்சப்ப பொறி பறந்துச்சுங்க. புதுப் பேட்டரின்னா அப்புடித்தான்னு சொல்லி ஸ்பேனரால நாலு அடி அடிச்சு எறக்குனான். நாங்க அம்புட்டுப் பேரும் உள்ள. இவதான் மூக்கச் சுளிச்சா. அம்மா, வயரு வேகுதும்மான்னா. எங்கண்ணன், புது வண்டி வாசன, பேசாம ஒக்காருன்னாரு. இவ மாமியா, ஏறுன புள்ள எறங்கப்படாது, எறங்கப்படாதுன்னு கையப் புடிச்சுக்கிட்டா. இவ கேக்கலயே. எங்கப்பா கடையில பொறந்து வளந்தவ, எனக்குத் தெரியாதா இந்த நாத்தம்னு கைய உதறிட்டு எறங்கிட்டா. மாமியா கையில இருந்த வளையலு அதுல ஒடஞ்சதுதான். புள்ளயத் திரும்ப ஏத்தணுமேன்னு அம்புட்டுப் பேரும் பின்னாலயே எறங்குனோம். கடேசி ஆளு எறங்கிக் காலு தரையில படலங்க, பின்சீட்டுல குப்புனு…"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பந்தலுக்குள்ளிருந்து அதட்டல் கேட்டது. அய்யாக்கண்ணு கவியரசனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தார். கவியரசனின் வலது உள்ளங்கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"பத்து வருசம் லாரி ஓட்டுனியாடா நீ? லாரியக் கழுவித்தான்டா விட்டிருப்ப! ஒரு பேட்டரி மாட்டத் தெரியல, பதினாறு உசுரப் பொசுக்கப் பாத்தியேடா! எம் மருமகளுக்கு ஒண்ணு ஆயிருந்தா ஒன்ன…" கை ஓங்கினார். இறக்கவும் செய்தார். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது.

"செவப்புன்னா பிளஸ்ஸுதானண்ணே," என்றான் கவியரசன். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். "நான் செவப்பத்தானே பிளஸ்ஸுல போட்டேன்."

கூடி நின்றவர்களில் ஒருவரும் அவனுக்காகப் பேசவில்லை. பழுக்கக் காய்ந்த வயரை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தவன் அவன்தான் என்பதைப் பிறகுதான் ராக்கன் தெரிந்துகொண்டான். அவன் பிடுங்கியிருக்காவிட்டால் பந்தலிலும் தீ பிடித்திருக்கும்.

ராக்கன் பேசாமல் இருந்திருக்கலாம். எவருக்கும் தெரியப் போவதில்லை. பழி டிரைவர் தலையில் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. மச்சானும் வாய் திறக்கமாட்டார், திறந்தால் அவரும்தான் மாட்டுவார். சம்பந்தி முன்னால் மானம் மிஞ்சும். பிரகதீஸ்வரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து பந்தலுக்குள் போனான்.

"அவன விடுங்க மச்சான்."

"நீ சும்மாரு மாப்ள, இவன…"

"விடுங்கன்னா விடுங்க!" குரல் கிறீச்சிட்டது. "ரெண்டையும் செவப்பாப் போட்டது நானு. அதுல ஒண்ணு மைனஸ்ஸு. அடையாளம் வைக்கல. வைக்கிறேன்னு சொல்லிட்டு வைக்கல. காலையில புது டிரைவரப் பாத்தப்ப சொல்லணும்னு நெனச்சேன், அதையும் சொல்லல. அவன் மேல தப்பு ஒண்ணுமே இல்ல. யாரு மாட்டியிருந்தாலும் இப்புடித்தான் மாட்டியிருப்பான்."

அய்யாக்கண்ணு சட்டையை விட்டார். வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு பந்தல் காலைப் பார்த்து நின்றார்.

ஆண்டியப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிர்ந்து பேசாத மனுஷர். ராக்கனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"போன்ல பேசுனீங்களே சம்மந்தி. எறக்குங்கன்னீங்க. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு," என்றான் ராக்கன். "சொல்ல வந்தேன். ஓங்க முன்னாடி எந் தொழிலு தப்புன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுக்குள்ள லைன் போயிருச்சு."

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ஏசியிருந்தால் ராக்கனுக்கு எவ்வளவோ தேவலாம். ராக்கன் கவியரசனுக்கு முன்னால் போய், துணி சுற்றிய கையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். மன்னிச்சிரு தம்பி என்று சொன்னான். கவியரசன் வேறு பக்கம் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் ஆண்டியப்பன் யாரிடமோ பேசி, பக்கத்துத் தெரு மளிகைக்காரர் காரைக் கொண்டுவரச் சொன்னார். "இன்னிக்கி அனுப்புறதா சொல்லியாச்சு. புள்ள அவுக அம்மா வீட்டுக்குப் போகட்டும். ஒண்ரைக்கு முன்னாடி ஏறிட்டா ஒண்ணும் தோசமில்ல. பெரியவுக சொல்றாக," என்றார். கார் வந்து நின்றது. மணி ஒன்று பதினெட்டு. ரம்யாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கதவைத் திறந்தார்கள்.

ராக்கன் குறுக்கே வந்து நின்றான்.

"பேனட்டத் தூக்குங்க," என்றான் மளிகைக்காரரிடம்.

"நல்ல வண்டிங்க. போன வாரந்தான் சர்வீஸ் விட்டேன்."

"தூக்குங்கண்ணே. ஒங்களக் கும்புடுறேன்."

தூக்கினார். ராக்கன் உள்ளே குனிந்தான். பேட்டரியின் பிளஸ்ஸைப் பிடித்து ஆட்டினான். மைனஸைப் பிடித்து ஆட்டினான். ஒவ்வொரு வயராக விரலால் தடவிக்கொண்டே போனான். எங்கே தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது, எங்கே இரும்பில் உரசுகிறது. போனவன் பாதியில் எந்த வயர் என்று மறந்து, மறுபடி பேட்டரியிலிருந்து ஆரம்பித்தான். கண்ணை மூடிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவன். பீஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெயிலில் காட்டிப் பார்த்தான். அப்புறம் உள்ளே போய் விரிப்பைத் தூக்கினான், சீட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தான், டிக்கியைத் திறக்கச் சொன்னான்.

"மாப்ள, ஒண்ணு இருவத்தேழு," என்றார் அய்யாக்கண்ணு மெல்ல.

ராக்கன் காதில் விழவில்லை. டிக்கி விளக்குக்குப் போகிற பொடி வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். அவன் முதுகு குலுங்கியது. பொம்பளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரம்யாவின் மாமியார் மகனிடம் எதையோ சாடையாகச் சொன்னாள். ரம்யாவின் புருஷன் சந்தோஷ் மனைவியைப் பார்த்தான், நீ சொல்லேன் என்கிற மாதிரி.

ரம்யா நடந்து போய் அப்பன் பக்கத்தில் நின்றாள். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது.

"ஆத்தா, எனக்குப் பயமா இருக்கு," என்றான் ராக்கன், திரும்பாமல். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனாலும் பயமா இருக்கு. ஒன்ன ஏறுன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"ஒண்ரை ஆகப்போகுதும்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆகட்டும்," என்றாள் ரம்யா. சேலைத் தலைப்பால் அவன் பிடரியைத் துடைத்துவிட்டாள். "நீ பாருப்பா. மொதல்லேர்ந்து பாரு. ஒனக்குத் திருப்தியாகுற வரைக்கும் பாரு. நீ சொன்ன பெறகுதான் ஏறுவேன்."

அவன் மறுபடி பேட்டரிக்குப் போனான். பிரகதீஸ்வரி செல்போன் விளக்கைப் போட்டுப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை வந்து, போயிற்று. ஒருவரும் நேரத்தைச் சொல்லவில்லை.